இடுப்பு உயரத்துப் பந்துகள்

ஏப்ரல் 22

முதல் சுற்றிலேயே தோற்றேன். எதிரே நின்றவளுக்குப் பதினேழு வயது இருக்கும். ஆட்டம் முடிந்து கைகொடுக்கும்போது "தேங்க்யூ ஆன்ட்டி" என்றாள். ஆன்ட்டியாம்! வலையைத் தாண்டிப் போய் ஒரு குட்டு வைத்திருப்பேன். அபராதம் போட்டுவிடுவார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அறைக்கு வந்து வாஷ்பேசினில் சாக்ஸ் துவைத்தேன். செம்மண் தளத்தில் டென்னிஸ் ஆடினால் இது ஒரு தண்டனை. எவ்வளவு தேய்த்தாலும் தண்ணீர் சிவப்பாகவே வருகிறது.

அண்ணன் கூப்பிட்டான். ஜெயித்தாயா, தோற்றாயா என்றெல்லாம் இப்போது கேட்பதில்லை. "எப்ப கிளம்பறே?" என்று மட்டும்தான் கேட்கிறான். அவன் வீட்டுக்குப் பக்கத்து கிளப்பில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை ஒன்று எனக்காகக் காலியாக இருக்கிறது. "இந்த வருஷத்தோட முடிச்சுக்கறேன்னு நீதானே சொன்னே?" நான்தான் சொன்னேன். பெரிய போட்டி ஒன்றின் பிரதான சுற்றில் ஒரே ஒரு ஆட்டம். அது போதும், அப்புறம் மட்டையைப் பரணில் போட்டுவிடுகிறேன் என்று. முப்பத்து மூன்று வயதாகிறது. பாதி வாழ்க்கை வாசலிலேயே நின்று கழிந்துவிட்டது, இன்னும் உள்ளே கூப்பிட்டபாடில்லை.

மே 12

பெரிய போட்டி நடக்கும் ஊருக்கு வந்தாயிற்று. கொக்குவும் நானும் ஒரே அறை. அவள் உயரத்துக்குக் கட்டில் போதவில்லை, கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. இருபத்து நான்கு வயது. தரவரிசையில் என்னைவிட வெகு தூரம் மேலே. அவளுக்கு நேராகப் பிரதான சுற்றில் இடம். நான் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் வரிசையாக ஜெயித்தால்தான் அந்தப் பக்கமே போக முடியும்.

உடைமாற்றும் அறையில் எனக்கு 'பென்ஷன் அக்கா' என்று பெயர். வைத்தவள் இவள்தான். நான் இவளுக்குக் கொக்கு என்று பெயர் வைத்ததற்குப் பழிவாங்கல்.

மே 16

முதல் ஆட்டம் ஜெயித்தேன். எழுதக் கூடாது. கண் பட்டுவிடும்.

மே 17

இரண்டாவதும்! சாப்பாடு இறங்கவில்லை. கொக்கு என் தட்டிலிருந்ததையும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

மே 19

மூன்றாவதில் தோற்றேன். கடைசி செட்டில் முன்னிலையில் இருந்தேன். இன்னும் ஒரே ஒரு கேம். ஒரே ஒரு கேம்! சர்வீஸ் போடப் பந்தைத் தூக்கினால் அது எங்கோ போகிறது. என் கையா இது? இத்தனை வருடம் எதற்கு ஆடினேன்? இதற்குத்தானா?

எல்லாம் போச்சு. எழுத ஒண்ணும் இல்லே.

மே 20

இந்த விளையாட்டில் ஒரு விசித்திரம் உண்டு. தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றவர்களை உடனே துரத்திவிட மாட்டார்கள். பிரதான சுற்றில் யாராவது உடம்பு முடியாமல் விலகினால், அந்த இடம் தோற்றவர்களில் ஒருத்திக்குக் கிடைக்கும். 'லக்கி லூசர்' என்று பெயர். யார் முதலில், யார் அடுத்தது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுகிறார்கள். தினமும் காலையில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு ஷூ மாட்டிக்கொண்டு, விரல்களில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, அரை வயிறு சாப்பிட்டுக் காத்திருக்க வேண்டும். கூப்பிட்டவுடன் ஓடணும்.

குலுக்கினார்கள். என் பெயர்தான் முதலில் வந்தது.

மே 21

உடைமாற்றும் அறை பெஞ்சில் காலையிலிருந்து மாலைவரை. யார் நொண்டிக்கொண்டு வந்தாலும் என் கண் அவள் காலுக்குத்தான் போகிறது. ஒருத்தி இருமினாள். நன்றாக இருமு, இன்னும் இருமு என்று மனசு சொல்கிறது. சீ. என்ன பிறவி நான். ஒருத்தியும் விலகவில்லை. எல்லாருக்கும் இரும்பு உடம்பு.

அறைக்கு வந்தால், கொக்கு தரையில் மல்லாந்து படுத்திருந்தாள். "முதுகு கொஞ்சம் பிடிச்சிருக்கு. நீ யாருகிட்டேயும் சொல்லாதே" என்றாள். எழுந்திருக்கக் கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். நாளைக்கு அவளுடைய ஆட்டம். முதன்முறையாகப் பெரிய அரங்கத்தில்.

மே 22, காலை

சீக்கிரம் எழுதிவிடுகிறேன். பெஞ்சுக்குப் போக வேண்டும்.

அவளால் குனிய முடியவில்லை. அவள் ஷூ லேஸை நான்தான் கட்டினேன். முதுகில் பிளாஸ்திரி ஒட்டினேன். தொட்ட இடமெல்லாம் பலகை மாதிரி இருந்தது. போட்டி மருத்துவரிடம் காட்டலாம் என்றேன், மாட்டேன் என்றாள். மண்டிபோட்டு லேஸ் கட்டிக்கொண்டிருக்கும்போது மேலிருந்து கேட்டாள்: "அக்கா, நான் ஆடட்டுமா? நீயே சொல்லு."

ஆடாதே என்பதுதான் உண்மையான பதில். முதுகைத் தொட்டுப் பார்த்த யாரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் அவள் ஆடாவிட்டால் அந்த இடம் யாருக்கு? எனக்கு! பெரிய அரங்கம், பிரதான சுற்று, எல்லாம் எனக்கு. அந்த வார்த்தை வாயிலிருந்து வந்தால் அது அவள் முதுகுக்காக வந்ததா, என் ஆசைக்காக வந்ததா? எனக்கே தெரியாது. நேற்று முழுவதும் ஊரான் பெண்ணெல்லாம் நொண்ட வேண்டும் என்று உட்கார்ந்திருந்தவள் நான்.

"ஆடு. சூடானா சரியாயிடும்" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். நான் நல்லவள்தானே? நல்லவளாகத்தானே நடந்துகொண்டேன்?

மே 22, மதியம்

இரண்டாவது செட்டில், காலடியில் வந்த ஒரு பந்துக்குக் குனிந்தாள். அப்படியே விழுந்தாள். எழுந்திருக்கவில்லை. ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அவ கத்தினது அரங்கம் முழுக்கக் கேட்டது. நான் ஷூ போட்டுக்கிட்டு டிவி முன்னாடி உட்கார்ந்திருந்தேன்.

மே 23

கையெழுத்துப் போடப் போகவில்லை.

ஜூன் 3

முதுகெலும்பில் அறுவை சிகிச்சை. மருத்துவமனைக்குப் போனேன். அவள் மயக்கத்தில் இருந்தாள். வெளியே நடையில் அவளுடைய அம்மா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முன்பெல்லாம் போனில் "என் பொண்ணைப் பாத்துக்கம்மா" என்று சொல்வார்.

"நீ பக்கத்துலயேதானே இருந்தே? லேஸ்கூட நீதான் கட்டிவிட்டியாமே. ஆடாதேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

திட்டவில்லை. சத்தம் போடவில்லை. நாலு அறை அறைந்திருந்தாலும் தாங்கியிருப்பேன். நான் என்ன சொல்வது? எனக்கு இடம் கிடைத்துவிடும் என்பதால் சொல்லவில்லை என்றா? இதை யாரிடம் சொன்னாலும் பைத்தியம் என்பார்கள். லிஃப்டைக் கூட மறந்து படியிறங்கி வந்தேன்.

ஜூன் 18

தோல்வி.

ஜூன் 27

தோல்வி. காலடிக்கு வரும் பந்தைப் பார்த்தாலே நின்றுவிடுகிறேன். நடுவர் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

அண்ணனிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். "அப்பாடா" என்றான். பாவம், சந்தோஷத்தை மறைக்கத் தெரியாது அவனுக்கு.

ஜூலை 10

அண்ணன் வீட்டுக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்து, பாதி வழியில் இறங்கிவிட்டேன். கொக்குவின் ஊர். எதற்கு இறங்கினேன் என்று தெரியவில்லை. பையோடு அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றேன். கதவைத் திறந்த அம்மா நகர்ந்து வழிவிட்டார். டீ வந்தது, சர்க்கரை இல்லாமல். மறதியா, மனசா?

கொக்கு இடுப்பில் பெல்ட்டோடு, சுவரைப் பிடித்து நடந்து வந்தாள். "பென்ஷன் வாங்கியாச்சா?" என்றாள். அழக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். அழுது தொலைத்தேன்.

ஜூலை 11

அண்ணன் போனில் குதித்தான். "உனக்கு மூளை இருக்கா இல்லையா? அந்த வேலைக்கு வேற ஆளைப் போட்டுடுவாங்க!" போடட்டும். இங்கே மாடியில் ஒரு அறை இருக்கிறது. எத்தனை நாள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 21

இன்றுதான் அவள் மட்டையைப் பிடித்தாள். அவளுக்குப் பயிற்சி வைத்தியம் பார்க்கும் பிசியோ கறாரான மனுஷி. "குனியக் கூடாது, எட்டக் கூடாது, திரும்பக் கூடாது. பந்து இடுப்பு உயரத்துக்கு வரணும், அங்க மட்டும்தான் வரணும்" என்றார். மெஷின் வைத்துப் போடலாமே என்றேன். "மெஷினுக்கு இவ முகம் தெரியாது. வலிச்சா இவ சொல்ல மாட்டா. பாத்துத்தான் போடணும்."

நான் போடுகிறேன் என்றேன். வலைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அசையாமல் அவள். ஒரு பந்து தாழ்ந்துவிட்டது. பழக்கதோஷத்தில் குனிந்தாள். முகம் வெளுத்துவிட்டது. இன்றைக்குப் போதும் என்று பிசியோ பந்துகளைக் கூடையில் அள்ளினார்.

செப்டம்பர் 6

தினமும் போடுகிறேன். இடுப்பு உயரம், வலப்பக்கம். இடுப்பு உயரம், இடப்பக்கம். காற்று அடித்தாலும், தளம் ஈரமாக இருந்தாலும், பந்து தேய்ந்து போயிருந்தாலும் அங்கேதான் போய் நிற்க வேண்டும். பத்து வயதிலிருந்து பந்தை அடித்து நொறுக்கத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு பந்தை இவ்வளவு பயந்து, இவ்வளவு பார்த்து அடித்ததே இல்லை. மாலையில் தோள் வலிப்பதில்லை. கண் வலிக்கிறது.

டீயில் சர்க்கரை வர ஆரம்பித்திருக்கிறது. அரைக் கரண்டி.

அக்டோபர் 2

இன்றைக்குப் பேசிவிட்டோம். பேசாமலே இருந்திருக்கலாம்.

பயிற்சி முடிந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நானே ஆரம்பித்தேன். "அன்னைக்கு நான் உன்கிட்ட பொய் சொன்னேன். குலுக்கல்ல நான்தான் முதல் ஆள். அதனாலதான் ஆடாதேன்னு சொல்ல வாய் வரலே" என்றேன்.

"நீ முதல் ஆள்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

தெரியுமா!

"தெரிஞ்சுதான் உன்னைக் கேட்டேன். என்னால ஆட முடியாதுன்னு ராத்திரியே தெரிஞ்சு போச்சு. ஆனா பயந்து விலகிட்டாங்கற பேரு வேணாம்னு இருந்துச்சு. நீ ஆடாதேன்னு ஒரு வார்த்தை சொன்னா, சரி, அக்காவுக்காவது இடம் கிடைக்கட்டும்னு நிம்மதியா படுத்துடலாம்னு பார்த்தேன். நீ ஆடுன்னுட்டே. அப்புறம் எப்படி விலகறது?"

கோபமே இல்லாமல் சொன்னாள். துண்டால் மட்டையின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

ஒரு வார்த்தை. அவ முதுகும் போயிருக்காது, நானும் ஆடியிருப்பேன். ரெண்டு பேருக்கும் வேண்டியிருந்தது ஒண்ணேதான். நான் நல்லவளா இருக்கணும்னு ரெண்டையும் கெடுத்தேன். யாருக்கு வேணும் இந்த நல்லதனம்? யார் கேட்டா?

அக்டோபர் 3

எழுந்திருக்கவில்லை. அம்மாதான் மாடிக்கு வந்தார். கட்டிலோரம் உட்கார்ந்தார். "அவ எல்லாம் சொன்னா. ரெண்டு பேரும் சேர்ந்த மக்குங்க" என்றார். கணக்கு டீச்சர் தோரணை. "எழுந்திரு. அவ கீழ மட்டையோட நிக்கறா. பந்து தானா வராது."

நவம்பர் 15

கொக்கு பிடித்துத் தள்ளாத குறையாகப் பக்கத்து ஊர்ப் போட்டிக்கு அனுப்பினாள். சின்னப் போட்டிதான். ஏதோ வித்தியாசமாக இருந்தது. வேகமாக அடிக்கத் தோன்றவே இல்லை. எங்கே விழ வேண்டும் என்று நினைக்கிறேனோ அங்கே விழுகிறது. எதிரே நிற்பவளின் முகத்தைப் பார்த்தால், எந்தப் பந்து அவளுக்கு வலிக்கும் என்று தெரிகிறது. இத்தனை நாள் வலிக்காத இடமாகத் தேடித் தேடிப் போட்டேன். அதையே திருப்பினால் வலிக்கிற இடம்: வெட்டி அடித்துக் காலடியில் போடுகிற தாழ்வான பந்து. தரையில் பட்டால் எகிறவே எகிறாது.

கோப்பை! பதினொரு வருடத்துக்குப் பிறகு ஒரு கோப்பை. அதில் டீகூடக் குடிக்க முடியாது, அவ்வளவு சின்னது.

டிசம்பர் 20

இன்னொன்று. இறுதி ஆட்டத்தில் எதிராளி மட்டையைத் தரையில் அடித்து உடைத்தாள். "அந்தப் பாட்டி பந்தைத் தரையிலேயே உருட்டறா" என்று தன் பயிற்சியாளரிடம் கத்தினாளாம். எனக்கு இதைவிடப் பாராட்டு வேண்டாம்.

ஆனால் மகிழ்ச்சியாக இருக்கிறேனா? இல்லை. அவள் உடம்பை வைத்துக் கற்றுக்கொண்ட வித்தை இது. ஒவ்வொரு முறை ஜெயிக்கும்போதும் திருட்டுச் சாமான் கையிலிருக்கிற மாதிரி உள்ளே ஒரு பதற்றம். போனில் அவள்தான் என்னைவிட அதிகம் கத்துகிறாள்.

பிப்ரவரி 25

கொக்கு நேற்று முதன்முறையாக முழு ஆட்டம் ஆடிப் பார்த்தாள். வலி இல்லையாம். நம்புவதா? இவள் வார்த்தையை நம்பி நான் பட்டது போதாதா? பிசியோவுக்குத் தனியாகப் போன் செய்து கேட்டேன். "இருக்கும், இல்லாமலும் இருக்கும். ஆடிப் பார்த்தாத்தான் தெரியும்" என்றார். வைத்தியம் பார்க்கிறவர்களுக்கென்றே ஒரு பாஷை.

ஏப்ரல் 14

தரவரிசை வந்தது. சின்னப் போட்டிகளில் ஜெயித்த புள்ளிகள் சேர்ந்து, பெரிய போட்டிக்கு நேரடி இடம். தகுதிச் சுற்று வேண்டாம், குலுக்கல் வேண்டாம், பெஞ்சு வேண்டாம். முப்பத்து நான்கு வயதில்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். மூக்கை உறிஞ்சினான். "ஜலதோஷம்" என்றான்.

கொக்குவும் ஆடுகிறாள். காயத்துக்கு முன்பு இருந்த தரவரிசையை அவளுக்கென்று காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

மே 22

முதல் சுற்று அட்டவணை ஒட்டினார்கள். என் பெயரைத் தேடினேன். அதற்கு நேரே அவள் பெயர்.

இத்தனை பேர் இருக்கிறார்கள். அத்தனை பேரையும் விட்டுவிட்டு அவள்தானா? யாரிடம் போய்ச் சண்டை போடுவது? வாழ்க்கையில் ஒரு தடவை கிடைக்கிற ஆட்டம், அதுவும் அவள் முதுகுக்கு எதிராக. என் ஆட்டமே தாழ்வான பந்துதான். போட்டால் குனிவாள். குனிந்தால் — 

எனக்கு வேணாம். இது எனக்கு வேணவே வேணாம்.

மே 23

விலகிவிடலாமா என்று போட்டி அலுவலகம்வரை போனேன். மணிக்கட்டு வலி என்று சொன்னால் போதும். கதவில் கை வைத்தபோது பின்னாலிருந்து கொக்கு. அவ்வளவு நீளக் கால்களை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் வர எப்படித்தான் முடிகிறதோ.

"எங்க போறே?"

"சும்மா."

"பொய் சொல்லத் தெரியாதுன்னா சொல்லாதேயேன்" என்றாள். கையைப் பிடித்துப் படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தாள். "நாளைக்கு எனக்கு இடுப்பு உயரத்துல போட்டு வைக்கலாம்னு நினைக்காதே. என் முதுகு பத்தி இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் காலடியிலதான் போடப் போறாங்க. உன்னை மாதிரி போட யாராலயும் முடியாது. உன் பந்துக்குக் குனிஞ்சு எழுந்துட்டேன்னா, நான் ஆடலாம்னு அர்த்தம். நீ பாவம் பார்த்தா எனக்கு என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது."

"வலிச்சா?"

"வலிச்சா நானே நிறுத்திடுவேன். இந்தத் தடவை உன்னைக் கேக்க மாட்டேன்."

அலுவலகத்துக்குப் போகவில்லை.

மே 24

முதல் பந்தையே காலடியில் போட்டேன். குனிந்தாள். எடுத்தாள். என்னைத் தாண்டிப் போய்க் கோட்டில் விழுந்தது அது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

முதல் செட் அவளுக்கு, இரண்டாவது எனக்கு. ஒவ்வொரு முறை அவள் குனியும்போதும் என் மூச்சு நின்று நின்று வந்தது. மேலே பார்வையாளர் வரிசையில் அவளுடைய அம்மா இரண்டு கைகளையும் கோத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது செட்டில் அவள் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமெடுத்தாள். வலியா, களைப்பா? இங்கிருந்து தெரியவில்லை. எனக்குத் தெரியாத அவள் முகம் ஒன்று இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் நான் ஒரு கேம் முன்னால் இருந்தேன். கை தானாக ஒரு பந்தை மேலே போட்டது. இடுப்பு உயரத்துக்கு, அழகாக. ஓங்கி அடித்துப் புள்ளி எடுத்தாள். அடுத்ததும் அப்படியே. அதையும் அடித்தாள்.

அடித்துவிட்டு வலைவரை வந்தாள். மட்டையை என் பக்கம் நீட்டி, "அக்கா!" என்று கத்தினாள். இவ்வளவு கோபமாக அவளை நான் பார்த்ததே இல்லை. நடுவர் எச்சரிக்கை கொடுத்தார். பார்த்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மேலே கணக்கு டீச்சருக்கு மட்டும் புரிந்திருக்கும்.

பிறகு ஒரு பந்தைக் கூட மேலே போடவில்லை. கடைசிப் பந்தை எவ்வளவு தாழ்வாகப் போட முடியுமோ அவ்வளவு தாழ்வாகப் போட்டேன். முழங்கால் மண்ணில் படக் குனிந்து அடித்தாள். வலையில் பட்டு அவள் பக்கமே விழுந்தது. குனிந்தவள் அப்படியே இருந்தாள். எனக்கு உலகமே நின்றுவிட்டது. பிறகு எழுந்தாள். தானாக எழுந்தாள். ஷூவிலிருந்த மண்ணை மட்டையால் தட்டினாள்.

வலையருகே கட்டிக்கொண்டபோது, "அந்த ரெண்டு பந்துக்கு உன்னை மன்னிக்கவே மாட்டேன்" என்றாள்.

ஜெயித்துவிட்டேன். நாளை மறுநாள் இரண்டாம் சுற்று. அதற்குமுன் நாளைக் காலை பயிற்சிக்கு ஒரு ஆள் வேண்டும். கொக்கு வருகிறேன் என்றிருக்கிறாள்.